டெப்ரிகேட்: கண்டிப்பதா, தேய்வதா, வேண்டாம் என்பதா?

குடமுருட்டி (பாபநாசம்)
வணக்கம். ஒரே ஆங்கிலச் சொல் மூன்று இடத்தில் மூன்று முகத்தோடு வந்து நிற்கிறது. சொல்: டெப்ரிகேட். இடங்கள்:

1. நீதிமன்ற உத்தரவு ஒன்று. விசாரணை நாளன்று காலையில் வந்து வாய்தா கேட்கும் வழக்கத்தை நீதிமன்றம் ‘டெப்ரிகேட்’ செய்கிறதாம்.
2. நெல் கொள்முதல் கணக்குக்கான மென்பொருள் கையேடு. “பழைய அறிக்கை வசதி டெப்ரிகேட்டட்.”
3. நாகசுர வித்வான் ஒருவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பு. அவருடைய ‘செல்ஃப்-டெப்ரிகேட்டிங்’ நகைச்சுவை.

அகராதியில் ‘கண்டனம் செய், மறுத்துரை’ என்று இருக்கிறது. முதலாவதுக்கு ஒட்டுவது போலத் தெரிகிறது. இரண்டாவதில் வைத்தால் சிரிப்பு வருகிறது. கணினி மொழிபெயர்ப்பைக் கேட்டால் ‘மதிப்பிழந்தது’ என்கிறது. மூன்றாவது ‘தன்னைத்தானே கண்டிக்கும் நகைச்சுவை’ ஆகிவிட்டது. மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல் கிடைக்குமா, இல்லை தனித்தனியாகத்தான் போக வேண்டுமா?

வெண்ணாறு (மன்னார்குடி)
முதலில் ‘மதிப்பிழந்தது’ எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். அது வேறு சொல்லின் பொருள்.

டெப்ரிகேட் ஒன்று, டிப்ரீஷியேட் ஒன்று. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ஒரு ‘ஐ’தான் வித்தியாசம்: சி-க்கும் ஏ-க்கும் நடுவில் ‘ஐ’ இருந்தால் டிப்ரீஷியேட், இல்லாவிட்டால் டெப்ரிகேட். உச்சரிப்பிலும் அழுத்தம் இடம் மாறும். டெப்ரிகேட்டில் முதல் அசை ‘டெப்’ ஓங்கும். டிப்ரீஷியேட்டில் இரண்டாவது அசை ‘ப்ரீ’ ஓங்கும். நம் பக்கத்தில் பலர் ‘டிப்ரிகேட்’ என்று நடுவாந்தரமாகச் சொல்வதால் கேட்பவருக்கு எது என்று புரியாமல் போகிறது.

டிப்ரீஷியேட் லத்தீன் ‘ப்ரெட்டியும்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு விலை என்று பொருள். ப்ரைஸ், ப்ரெஷஸ், அப்ரீஷியேட் எல்லாம் அதன் பங்காளிகள். விலை இறங்குவதுதான் டிப்ரீஷியேஷன், ஆடிட்டர் பாஷையில் தேய்மானம். வருமான வரிக் கணக்கில் இயந்திரங்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம், அதுவும் மிச்ச மதிப்பின் மீது. 1,00,000 ரூபாய்க்கு வாங்கியது ஒரு வருடம் போனால் 85,000, அடுத்த வருடம் 72,250. இது எண் சம்பந்தப்பட்டது, யாருடைய விருப்பு வெறுப்பும் இதில் இல்லை.

டெப்ரிகேட் ‘ப்ரெகாரி’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு இறைஞ்சுதல், வேண்டிக்கொள்ளுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் ப்ரேயர் இதன் வழிதான். முன்னால் நிற்கும் ‘டி’ அகற்றுதலைக் குறிக்கும். ஆக, ‘வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்’ என்பதுதான் அடிப்பொருள். 1600களில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தப் பொருளில்தான் வந்தது. ஆங்கிலிக்கன் சபையின் மன்றாட்டு மாலையில் இடி, புயல், கொள்ளைநோய், பஞ்சம் என்று வரிசையாகச் சொல்லி ‘எங்களைக் காத்தருளும்’ என்று சபை பதில் சொல்லும் பகுதி உண்டு. அந்தப் பகுதிக்கே ‘டெப்ரிகேஷன்ஸ்’ என்றுதான் பெயர். தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பக்கம் தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த மாதிரி மன்றாட்டின் ஓசை காதில் இருக்கும்.

இப்போது தமிழைப் பாருங்கள். வேண்டு என்றால் இறைஞ்சு, விரும்பு இரண்டும்தான். வேண்டுதல் என்றால் நேர்ச்சை. அதன் எதிர்மறை வேண்டாம். வேண்டாதவன் என்றால் பிடிக்காதவன். குறளின் கடவுள் வாழ்த்தில் வேண்டுதலும் வேண்டாமையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அங்கே வேண்டாமை என்றால் வெறுப்பு. லத்தீன்காரன் முன்னொட்டு போட்டுச் செய்ததை நாம் ஒரு எதிர்மறை விகுதியில் முடித்துவிட்டோம். டெப்ரிகேட்டுக்கு மிக நெருக்கமான தமிழ் ‘வேண்டாம் என்பது’தான், ‘கண்டிப்பது’ இல்லை.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி)
ஐயா, வேர்ச்சொல் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேரை வைத்து இன்றைய பொருளை முடிவு செய்யலாமா? இன்றைக்கு டெப்ரிகேட் என்று எழுதுகிற ஆங்கிலேயன் யாரையும் கும்பிட்டுக்கொண்டு எழுதவில்லை. ‘ஸ்ட்ராங்லி டெப்ரிகேட்’ என்று தினசரியில் வருகிறதே, அது கண்டனம் இல்லாமல் வேறு என்ன?

முடிகொண்டான் (கும்பகோணம்)
கோரையாறு அண்ணே கேட்டது நியாயமான கேள்வி. நீதிமன்ற வழக்கை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நம் நாட்டுத் தீர்ப்புகளில் ‘திஸ் ப்ராக்டிஸ் ஹேஸ் டு பி டெப்ரிகேட்டட்’ என்பது சாதாரணமாக வரும் தொடர். அதில் கவனிக்க வேண்டியது செயப்படுபொருள். டெப்ரிகேட் செய்யப்படுவது ப்ராக்டிஸ், அதாவது வழக்கம், போக்கு, செயல். ஆளை டெப்ரிகேட் செய்வது இன்றைய ஆங்கிலத்தில் ஒட்டாது. ‘ஐ டெப்ரிகேட் ஹிம்’ என்றால் வாசகம் நொண்டும். ‘ஐ டெப்ரிகேட் ஹிஸ் கண்டக்ட்’ என்றால் சரி.

ஆளைத் தொடுவது ஸ்ட்ரிக்சர், அதாவது ஆளைக் குறை சொல்லித் தீர்ப்பில் எழுதும் வரி. ஒரு அதிகாரியைக் குறித்து நீதிமன்றம் ஸ்ட்ரிக்சர் எழுதினால் அவர் மேல்நீதிமன்றத்துக்குப் போய் அந்த வரிகளை நீக்கக் கேட்பார், ஏனென்றால் அது அவருடைய பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வழக்கத்தை டெப்ரிகேட் செய்தால் பொதுவாக அந்த வில்லங்கம் இல்லை. ‘இப்படிச் செய்து வருகிறீர்கள், இது நன்றாக இல்லை, இனி வேண்டாம்’ என்ற அளவு. செய்தித்தாளில் மறுநாள் ‘நீதிமன்றம் கடும் கண்டனம்’ என்று தலைப்பு வரும்போது ஒரு படி கூடிவிடுகிறது. ‘ஸ்ட்ராங்லி’ சேர்ந்தால் சூடு ஏறும், உண்மைதான். ஆனால் ‘ஸ்ட்ராங்லி’ என்று தனியாகச் சேர்க்க வேண்டியிருப்பதிலிருந்தே சொல்லின் சொந்தச் சூடு எவ்வளவு என்று தெரிகிறது. ‘கண்டெம்’ என்பதற்கு அந்த முட்டு தேவையில்லை.

உங்கள் முதல் வாக்கியத்துக்கு என் வரி: “விசாரணை நாளன்று காலையில் வாய்தா கேட்கும் வழக்கத்தை இந்நீதிமன்றம் ஏற்கவில்லை; அது தொடரலாகாது.” ‘ஏற்கவில்லை’ மட்டும் போட்டால் மனுவைத் தள்ளுபடி செய்தது போலத் தொனிக்கும். ‘தொடரலாகாது’ சேர்ந்தால்தான் அந்த ‘வேண்டாம்’ வருகிறது.

அரசலாறு (காரைக்கால்)
முடிகொண்டான் சொன்னதற்கு அலுவலகப் பக்கத்திலிருந்து ஒரு கூடுதல் காரணம். ‘கண்டனம்’ என்ற சொல் அரசு அலுவலகத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. சென்சூர் என்பதற்கு அதுதான் தமிழ். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளில் விதி 11-இல் தண்டனைப் பட்டியலின் முதல் வரியே சென்சூர். தமிழ்நாட்டு ஊழியர்களுக்கு 17(அ) குறிப்பாணை என்றால் சிறு தண்டனை, 17(ஆ) என்றால் பெருந்தண்டனை. கண்டனம் சிறு தண்டனைகளில் ஒன்று. சிறிது என்றாலும் தண்டனை தண்டனைதான், பணிப்பதிவேட்டில் ஏறும்.

ஆகவே சுற்றறிக்கையில் ‘இவ்வழக்கம் டெப்ரிகேட் செய்யப்படுகிறது’ என்பதை ‘இவ்வழக்கம் கண்டனத்துக்குரியது’ என்று பெயர்த்தால், வாசிக்கிற கிளார்க் யாருக்கோ கண்டனம் விழுந்துவிட்டது என்று நினைப்பார். அந்தச் சொல்லை சென்சூருக்கே விட்டுவிடுங்கள்.

இன்னொரு இடறல்: சென்சார், சென்சூர், சென்சஸ் மூன்றும் ஒரே வேர். ரோமில் சென்சார் என்ற அதிகாரி மக்கள்தொகையையும் சொத்தையும் கணக்கெடுப்பார், குடிமக்களின் நடத்தையையும் கண்காணிப்பார். கணக்கெடுத்தது சென்சஸ் ஆயிற்று, நடத்தையைக் குறை சொன்னது சென்சூர் ஆயிற்று, வெட்டித் தள்ளுவது சென்சார் ஆயிற்று. ‘படத்துக்கு சென்சூர்’ என்று எழுதுகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

வெண்ணாறு
அரசலாறு சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டனம் வடமொழிச் சொல், வேர்ப்பொருள் துண்டாக வெட்டுவது. எதிராளியின் வாதத்தைத் துண்டு துண்டாக்குவதுதான் பழைய கண்டனம், மறுப்பு நூல்களுக்கே அந்தப் பெயர் உண்டு. ஒன்று வெட்டுகிறது, ஒன்று வேண்டிக்கொள்கிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக வைப்பதுதான் தவறு.

மறுப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களின் சூடு ஏறும் வரிசை, என் கணிப்பில்: டிஸ்அப்ரூவ் மனசுக்குள்ளேயே இருக்கலாம், வாயைத் திறக்கத் தேவையில்லை. டெப்ரிகேட் வெளியே சொன்னது, ஆனால் குரல் உயராதது. டிப்ளோர் என்பதில் வருத்தம் கலந்திருக்கும், அதன் லத்தீன் வேருக்கே ஓலமிட்டு அழுதல் என்று பொருள். சென்சூர் ஒரு அமைப்பு முறைப்படி பதிவு செய்வது. கண்டெம் முழு எதிர்ப்பு. டினவுன்ஸ் ஊரைக் கூட்டிச் சொல்வது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானங்களில் டிப்ளோர் போடுவதா கண்டெம் போடுவதா என்று இழுபறி நடப்பதே இந்தச் சூட்டு வித்தியாசத்துக்காகத்தான்.

இலக்கணமும் ஒரு வரி. டிஸ்அப்ரூவ் என்றால் பின்னால் ‘ஆஃப்’ வேண்டும். டெப்ரிகேட்டுக்கு ‘ஆஃப்’பும் கிடையாது, ‘அகென்ஸ்ட்’டும் கிடையாது, நேரே பெயர்ச்சொல் வரும். ‘டெப்ரிகேட் டு டூ’ என்றும் எழுத முடியாது. நம் மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் அந்த ‘ஆஃப்’பில்.

வீரசோழன் (மயிலாடுதுறை)
இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். மென்பொருளில் டெப்ரிகேட்டட் என்பது ஒரு நிலை. அந்த நிலையின் உறுப்புகள் தெரிந்தால்தான் சொல் அமையும்.

டெப்ரிகேட்டட் ஆன வசதி இன்னும் வேலை செய்யும். அதுதான் முதல் விஷயம். நீக்கப்படவில்லை, பழுதில்லை. ‘புதிதாக இதை எடுக்க வேண்டாம், எடுத்தவர்கள் மெல்ல மாறிக்கொள்ளுங்கள்’ என்று செய்தவரே சொல்வது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின், 1999-இல் வந்த 4.01 வரையறையில் இது சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது: ஃபான்ட், சென்டர் போன்ற குறிகள் டெப்ரிகேட்டட், உலாவிகள் அவற்றைத் தொடர்ந்து ஆதரிக்க வேண்டும். அதே ஆவணத்தில் எக்ஸ்எம்பி, ப்ளெயின்டெக்ஸ்ட் போன்றவை ‘அப்சலீட்’, அவற்றுக்கு ஆதரவு உறுதியில்லை. ஆக, இரண்டும் வேறு வேறு படிகள். ஃபான்ட் குறியை இன்றைக்கு எழுதினாலும் உலாவி வண்ணம் காட்டும்.

சில இடத்தில் நீக்கமும் பின்னால் வரும். இணையதளங்களுக்கு நிரல் எழுதும் மொழியான பிஎச்பியில், தரவுத்தளத்தோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகள் 5.5 பதிப்பில், 2013-இல், டெப்ரிகேட்டட் ஆயின. 2015 கடைசியில் வந்த 7.0-இல் எடுத்தே விட்டார்கள். எச்சரிக்கையைப் பார்த்தும் மாற்றாத தளங்கள் 7.0-க்கு ஏறிய அன்றே நின்றன. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிக்கோடில் நேர்மாறு: டெப்ரிகேட்டட் எழுத்துகள் சில உண்டு, ஆனால் ஒரு முறை சேர்த்த எழுத்தை நீக்குவதே இல்லை என்பது அவர்கள் கொள்கை. ஜாவா என்ற நிரல்மொழியின் 9-ஆம் பதிப்பில், 2017-இல், இந்தக் குழப்பத்துக்காகவே ‘நீக்கப் போகிறோம்’ என்று தனியாகக் குறிக்க வழி வைத்தார்கள். அதாவது டெப்ரிகேட்டட் என்ற சொல் மட்டும் நீக்கத்தை உறுதி சொல்லாது.

இதை வைத்துப் பார்த்தால்: ‘மதிப்பிழந்தது’ தப்பு, ‘நிராகரிக்கப்பட்டது’ தப்பு, ‘நீக்கப்பட்டது’ பெரிய தப்பு. கொள்முதல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘நீக்கப்பட்டது’ என்று படித்தால், முந்தைய அறிக்கையெல்லாம் போய்விட்டது என்று பயந்து அந்தப் பக்கமே போக மாட்டார். ‘வழக்கொழிந்தது’ என்பது அப்சலீட்டுக்குச் சரி.

கோரையாறு
எனக்கு ‘வழக்கொழிந்தது’ பிடித்திருந்தது, விட்டுக்கொடுக்க மனசில்லை. வழக்கில் இருந்தால் எப்படி டெப்ரிகேட்டட்? வழக்கில் இல்லாவிட்டால்தானே?

வீரசோழன்
அண்ணே, வயல்காட்டு உதாரணமே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் நிலத்தை எப்படிச் சொல்கிறீர்கள்? ‘மூணு மா’, ‘அரை வேலி’. நம் பக்கக் கணக்கில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 14,400 சதுர அடி, 33 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். வாய் வழக்கில் இது முழுசாக உயிரோடு இருக்கிறது. நடவு ஆள் கூலியைக்கூட மா கணக்கில் பேசுகிற ஊர்கள் உண்டு. ஆனால் பட்டாவை எடுங்கள், ஹெக்டேர் – ஏர்தான். பதிவேட்டில் மாவுக்குக் கட்டம் கிடையாது.

இப்போது சொல்லுங்கள், மா வழக்கொழிந்ததா? இல்லை. நீக்கப்பட்டதா? யாரும் பேசத் தடை போடவில்லை. அதிகாரப்பூர்வமான தாளில் மட்டும் ‘இது வேண்டாம், அதை எழுது’. டெப்ரிகேட்டட் என்பது இந்த நிலைதான்.

கோரையாறு
சரி, பிடித்துவிட்டீர்கள். குழி அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கோல் நீளம் மாறினால் குழி மாறும், குழி மாறினால் மா மாறும். 144-ஐ எல்லா மாவட்டத்துக்கும் போட்டுவிடாதீர்கள்.

வீரசோழன்
உண்மை. டெப்ரிகேட் ஆனதற்குக் காரணமும் அதுதானே.

கையேட்டுக்குத் திரும்புவோம். டெப்ரிகேட்டட் அறிவிப்பில் நான்கு செய்தி இருக்க வேண்டும்: எந்தப் பதிப்பிலிருந்து, இதற்குப் பதில் எது, நீக்குவதாக இருந்தால் எப்போது, அதுவரை வேலை செய்யுமா. மூல ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் மென்பொருள்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும், ஊகித்து எழுதக்கூடாது. என் மாதிரி:

“பழைய அறிக்கை வசதியை இனிப் புதிதாகப் பயன்படுத்த வேண்டாம். இப்போதைக்கு இயங்கும். இதற்குப் பதில் ‘நாள்வாரி அறிக்கை’யைப் பயன்படுத்துங்கள்.”

நீளம்தான், ஆனால் கையேட்டில் இடம் இருக்கிறது. திரையில் பட்டியலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒட்ட வேண்டும் என்றால் ‘தவிர்க்க’ என்று போடலாம்.

குடமுருட்டி
ஆறெல்லாம் ஒரே இழையில் கூடிவிட்டது, கல்லணையே தேவையில்லை போல. முதல் இரண்டும் தெளிந்தது. மூன்றாவது? ‘தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் நகைச்சுவை’ என்று வைத்துப் பார்த்தேன். தாழ்வு மனப்பான்மை மாதிரி இருக்கிறது.

வெண்ணாறு
அந்தத் தொடரில் ஒரு வேடிக்கை. அங்கே முதலில் இருந்தது செல்ஃப்-டிப்ரீஷியேட்டிங், தன் மதிப்பைத் தானே குறைத்துச் சொல்வது. பொருள்படி அதுதான் சரி. பிறகு டெப்ரிகேட்டிங் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இப்போது அதுவே செந்தர ஆங்கிலம், யாரும் தவறு என்று திருத்துவதில்லை. ஆகவே மூன்றாவது வாக்கியத்தில் மட்டும் டெப்ரிகேட்டுக்கு டிப்ரீஷியேட்டின் பொருள். முதலில் நான் பிரித்து வைத்த இரண்டு வாய்க்காலும் இங்கே கலந்துவிட்டன.

தமிழில் இதற்குப் பழைய பெயர் இருக்கிறது: அவையடக்கம். பாற்கடலை நக்கிக் குடிக்க வந்த பூனை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கம்பர் பக்கத்துத் தேரழுந்தூர்க்காரர்தான். அங்கே தாழ்வு மனப்பான்மை எதுவும் இல்லை. கேட்பவருக்கும் அது தெரியும், சொல்பவருக்கும் தெரியும். இலை முழுக்கப் பரிமாறிவிட்டு ‘ஏதோ இருக்கிறதைச் சாப்பிடுங்க’ என்பதும் அதே ரகம்.

முடிகொண்டான்
ஆனால் அவையடக்கம் அடக்கம். செல்ஃப்-டெப்ரிகேட்டிங் என்பதில் கேலி இருக்க வேண்டும். வித்வான் மேடையில், நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளியைக் காட்டி, ‘சீவாளி நல்லா இருந்தா பேரு சீவாளிக்கு, கெட்டுப்போனா பேரு எனக்கு’ என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அது அவையடக்கம் இல்லை, சுய கேலி.

வெண்ணாறு
ஒப்புக்கொள்கிறேன். ‘தன்னையே கேலி செய்துகொள்ளும் நகைச்சுவை’. பேச்சு அடக்கமாக இருந்தால் அவையடக்கம், சிரிப்பாக இருந்தால் சுய கேலி. குடமுருட்டி, மூலத்தில் அடுத்த வரி என்ன என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ப்ரெகாரி வேரைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. ப்ரிகேரியஸ் என்ற சொல்லும் அதே வேர். இன்று ‘எப்போது விழுமோ’ என்ற பொருள். ரோமானியச் சட்டத்தில் ப்ரெகாரியும் என்றால் கேட்டு வாங்கிய நிலம். கொடுத்தவர் நினைத்தபோது திருப்பி எடுத்துக்கொள்ளலாம். வேண்டிப் பெற்றதால் நிலையில்லாதது. 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன் இந்த ஜில்லாவில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியிருந்திருக்காது.

அரசலாறு
இமப்ரிகேட் என்றும் ஒன்று உண்டா?

வெண்ணாறு
இம்ப்ரிகேட். அது வேண்டி வரவழைப்பது, அதாவது சாபம். மண்ணை வாரித் தூற்றுவது. டெப்ரிகேட் கெட்டது போகட்டும் என்று வேண்டும், இம்ப்ரிகேட் கெட்டது வரட்டும் என்று வேண்டும்.

குடமுருட்டி
மூலத்தைப் பார்த்தேன். அடுத்த வரியில் சபை சிரித்ததாக இருக்கிறது, ஆகவே சுய கேலிதான். முதலாவதுக்கு முடிகொண்டான் வரி அப்படியே. இரண்டாவதில் மென்பொருள்காரரிடம் கேட்டதில், அடுத்த குறுவைக் கொள்முதலுக்குள் நீக்கிவிடுவார்களாம். ‘இப்போதைக்கு இயங்கும்’ என்பதற்குப் பின்னால் அதையும் சேர்த்துவிட்டேன். திரைக்கு ‘தவிர்க்கவும்’ என்று போட்டேன், கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

வீரசோழன்
‘வும்’ எதற்கு? ‘தவிர்க்க’ போதும். ‘தவிர்க்க முடியாதது’ என்று யாராவது மிச்சத்தைத் தாங்களே சேர்த்துப் படித்துவிடுவார்களோ என்று சந்தேகமாக இருந்தால் ‘வேண்டாம்’ என்றே போடுங்கள். அதுவும் கட்டத்துக்குள் அடங்கும்.